கட்டியவர் பெயரும் காத்த சாசனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கெய்ரோ நகரத்துப் பழைய பள்ளிவாசல்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த பயணக் கட்டுரையை இருமுறை படித்தேன். எகிப்துக்குச் செல்லும் நம் சிங்கப்பூரரில் பெரும்பாலோர் பிரமிடுகளைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். பழைய நகரத்தின் தெருக்களுக்குள் புகுந்து, அவற்றைப் பற்றித் தமிழில் எழுதியவருக்கு என் நன்றி. நான் கட்டட வரைவாளராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். ஓய்வுக்குப் பின் என் மனைவியுடன் கெய்ரோ சென்று, அதே தெருக்களில் ஒன்பது நாள்கள் நடந்திருக்கிறேன். கட்டுரையில் இருந்த ஒரு பிழையைத் திருத்தவும், அதில் விடுபட்டுப்போன ஒரு செய்தியைச் சேர்க்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் பிழை. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட சுல்தான் ஹசன் தம் பெயர் தாங்கிய பள்ளிவாசலின் குவிமாடத்தின் கீழ் உறங்குவதாகக் கட்டுரை கூறியது. அவர் அங்கே அடக்கம் செய்யப்படவில்லை. 1361ஆம் ஆண்டு, அவரிடமே வளர்ந்து படைத்தலைவரான யல்புகா என்பவர் அவரைப் பிடித்துக் கொன்றார். உடல் பிறகு கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கமும் 21 மீட்டர் நீளம் கொண்ட அந்தக் கல்லறை மண்டபத்தில் அவருடைய மகன்கள் இருவரே அடக்கமாகியிருக்கிறார்கள். அக்கட்டடத்தின் கதையே இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சிறு பிழையென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி விடுபட்ட செய்தி. குவிமாடங்களின் அழகையும் மினாராக்களின் உயரத்தையும் கட்டுரையாளர் நெஞ்சாரப் புகழ்ந்திருந்தார். ஆனால் இவையெல்லாம் அரசர்கள் தங்கள் பெருமைக்காக எழுப்பிய ஆடம்பரங்கள் என்ற எண்ணத்துடனேயே வாசகர் பக்கத்தைப் புரட்டியிருப்பார். பெருமை இருந்தது, அதை மறுக்கமாட்டேன். எனினும் இடைக்காலக் கெய்ரோவில் ஒரு சுல்தான் கட்டடம் எழுப்பினார் என்றால் கல்லும் சுண்ணாம்பும் அதில் பாதிதான். மறுபாதி ஒரு சாசனம். அந்தக் கட்டடத்தில் யார் பாடம் நடத்துவார், அவருக்கு மாதம் எவ்வளவு சம்பளம், எத்தனை அனாதைப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் உடையும், விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் வரிவரியாக எழுதி, அதற்கான வருமானத்தையும் ஒதுக்கி வைத்த வக்ஃபு சாசனம் அது. கல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சாசனத்தைப் பார்க்காமல் வந்தால், பாதிக் கட்டடத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

வக்ஃபு என்ற அரபுச் சொல்லுக்கு நிறுத்தி வைத்தல் என்று பொருள். ஒரு நிலத்தையோ, கடைத்தெருவையோ, குளியல் கூடத்தையோ இனி விற்கவும் பங்கு பிரிக்கவும் இயலாதபடி இறைவன் பெயரால் நிறுத்திவைத்து, அதன் வருமானத்தை மட்டும் குறித்த அறப்பணிக்குச் செலவிடுவது அதன் அடிப்படை. நம் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது அந்நியமான ஏற்பாடாகத் தோன்றாது. தஞ்சைப் பெரிய கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நுந்தா விளக்குக்காக 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். குட்டிகள் பிறந்து மந்தை குறையாமலே இருக்கும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றே அழைத்தனர். சோழநாட்டில் ஆடு செய்த வேலையைக் கெய்ரோவில் கடை வாடகை செய்தது.

இந்த ஏற்பாடு கெய்ரோவில் அவ்வளவு பெருகியதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1250 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் பிறப்பால் அரசர்கள் அல்லர். மம்லூக் என்றால் உடைமையாக்கப்பட்டவர் என்று பொருள். புல்வெளி நாடுகளிலிருந்து சிறுவர்களாக விலைக்கு வாங்கப்பட்டு, போர்க்கலையும் மார்க்கமும் கற்பிக்கப்பட்டு, விடுதலை பெற்று, படையில் உயர்ந்து அரியணை ஏறியவர்கள். சுல்தான் கலாவூனுக்கு அல்-அல்ஃபி என்ற பட்டப்பெயர் இருந்தது. ஆயிரம் தீனார் கொடுத்து வாங்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இத்தகைய தலைவர்களின் பதவியும் அதோடு வந்த நிலவருவாயும் பிள்ளைகளுக்குச் சேர்வதில்லை. தலைவர் வீழ்ந்தால் அவர் திரட்டிய செல்வத்தையும் புதிய சுல்தான் பறித்துக்கொள்ளலாம். ஆகவே செல்வத்தை வக்ஃபாக்கி, ஒரு கல்விக்கூடத்துக்கு எழுதிவைத்து, அதன் நிர்வாகப் பொறுப்பைத் தம் வாரிசுகளுக்குக் கொடுத்துவிட்டால் அறமும் நிலைக்கும், குடும்பத்துக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் துனீசிலிருந்து வந்து கெய்ரோவிலேயே தங்கிப் பாடம் நடத்திய வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்: தலைவர்கள் பறிமுதலுக்கு அஞ்சியே இப்படிச் செய்தார்கள், ஆனால் அதன் விளைவாகக் கல்விக்கூடங்கள் பெருகி, ஈராக்கிலிருந்தும் மேற்கு நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தார்கள் என்பது அவர் கூற்று. நோக்கத்தில் கலப்பு இருந்தும் பயன் பெரிதாக இருந்ததை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்கு முன்பே, 1258இல் மங்கோலியர் பாக்தாதை அழித்தார்கள். 1260இல் ஐன் ஜாலூத் போரில் மம்லூக்குகள் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். மறு ஆண்டு பாக்தாதில் இருந்துவந்த அப்பாசியக் கலீஃபா பதவியும் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தது. தலைநகரங்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் எரியாமல் நின்ற தலைநகரம் என்பதால் கல்வியாளர்களும் கைவினைஞர்களும் அதை நாடி வந்தனர்.

கலாவூன் 1284இல் தொடங்கி அடுத்த ஆண்டே முடித்த கட்டடத் தொகுதி அல்-முயிஸ் வீதியில் நிற்கிறது. கல்லறை மண்டபம், மதரசா எனும் கல்விக்கூடம், மருத்துவமனை மூன்றும் ஒரே வளாகம். பதவிக்கு வருமுன் டமாஸ்கஸ் நகரத்து மருத்துவமனையொன்றில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்த அவர், தாம் அரியணை ஏறினால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பார்கள். அந்த மருத்துவமனையின் சாசனத்தில் உள்ள செய்திகளைப் படித்தபோது கட்டடத்தைப் பார்த்ததைவிட அதிகமாக நெகிழ்ந்தேன். ஆண், பெண், செல்வர், வறியவர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி எவரும் சேரலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள். வெயில் காலத்தில் நோயாளிகள் விசிறிக்கொள்ள ஓலை விசிறிகள் வாங்கவும் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஓர் அரசருடைய சாசனத்தில் ஓலை விசிறிக்கு இடம் இருந்தது! நுரையீரல் வழியே குருதி சுழல்வதை முதன்முதலில் விளக்கிய மருத்துவர் இப்னு அந்-நஃபீஸ் 1288இல் இறந்தபோது தம் வீட்டையும் நூல்களையும் இந்த மருத்துவமனைக்கே எழுதிவைத்தார். 1326இல் கெய்ரோவைக் கண்ட இப்னு பதூதா, இதன் சிறப்பை வருணிக்கச் சொற்கள் போதா என்று எழுதினார். பின்னாளில் மதுரை வரை வந்து, அங்கே கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டு போனதை நேரில் கண்டவர் அவர். அதன்பின் சுமத்ராவின் வழியே சீனத்துக்குப் பயணமானபோது நம் சிங்கப்பூரை ஒட்டிய கடற்பகுதியையும் கடந்திருக்க வேண்டும்.

இவ்விடத்தில் திருமுக்கூடல் கல்வெட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பாலாற்றங்கரைக் கோயிலில் இயங்கிய ஆதுலர் சாலை எனும் மருத்துவமனைக்கு 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் அளந்து அக்கல்வெட்டு எழுதிவைத்தது. அளவில் கெய்ரோ மிகப் பெரியது. ஆனால் நோயாளிக்கு வேண்டியதைப் பட்டியலிட்டு, அதற்கான வருமானத்தைப் பெயர் சொல்லிக் கட்டிவைக்கும் மனம் இரண்டிலும் ஒன்றுதான்.

இதே மருத்துவமனையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கலாவூன் வளாகம் ஏறத்தாழப் பதின்மூன்று மாதங்களில் முடிந்தது என்று வழிகாட்டிகள் வியந்து சொல்வார்கள். எப்படி முடிந்தது என்பதை 15ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸி பதிவு செய்திருக்கிறார்: நகரத்து வேலையாள்கள் எல்லாரையும் அங்கே இழுத்து வந்ததோடு, அத்தெருவில் போவோர் வருவோர் மீதும், குதிரையிலிருந்து இறக்கியாவது, கல் சுமக்கும் வேலையைத் திணித்தார்கள். நைல் நதித் தீவொன்றில் இருந்த முந்தைய சுல்தானின் கோட்டையைப் பிரித்துத் தூண்களை எடுத்துவந்தார்கள். இப்படிக் கட்டாய உழைப்பால் எழுந்த இடத்தில் தொழுவது சரியா என்று அக்காலத்து அறிஞர்களே கேள்வி எழுப்பினார்கள். கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு நம் கல்வெட்டுகளில் வெட்டி என்று பெயர். இன்று வீண்வேலை என்ற பொருளில் நாம் எளிதாகச் சொல்லிவிடும் அச்சொல்லுக்குள் எத்தனை முதுகுகளின் வலி இருக்கிறது என்பதை அந்த வீதியில் நின்றபோது எண்ணிக்கொண்டேன். ஓலை விசிறியும் வெட்டி வேலையும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விடும் வரலாறு எனக்கு வேண்டாம்.

இப்போது சுல்தான் ஹசனிடம் வருகிறேன். 1347இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனாக அரியணையில் அமர்த்தப்பட்டவர் அவர். அந்த ஆண்டே கொள்ளைநோய் எகிப்துக்குள் நுழைந்தது. பின்னர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, 1354இல் மீண்டும் ஏற்றப்பட்டு, 1356இல் இந்தக் கட்டடத்தைத் தொடங்கினார். வாரிசின்றி இறந்தவர்களின் உடைமை அரசு கருவூலத்துக்குச் சேர்ந்ததால், கொள்ளைநோய் விட்டுச்சென்ற செல்வம் இக்கட்டடத்துக்கு உதவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. நாளொன்றுக்கு 20,000 திர்ஹம் செலவானதாக அல்-மக்ரீஸி எழுதுகிறார். செலவின் பளு தாங்காமல், எகிப்தின் அரசனால் தான் தொடங்கிய கட்டடத்தை முடிக்க இயலவில்லை என்ற பேச்சு வந்துவிடுமே என்றுதான் விடாமல் கட்டுகிறேன் என்று சுல்தானே சொன்னதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

சுமார் 150 மீட்டர் நீளமும், வானத்தை நோக்கி 38 மீட்டர் எழும்பும் தலைவாசலும் கொண்ட கட்டடம் அது. தலைவாசல் சுவரோடு ஒட்டி நேராக நிற்காமல் சற்றுத் திரும்பி நிற்கிறது; எதிரே மேட்டில் இருக்கும் அரசக் கோட்டையிலிருந்து பார்த்தால் அது முழுமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. தேன்கூடு போல் அடுக்கடுக்காக இறங்கும் முகர்னஸ் வேலைப்பாட்டின் கீழே புகுந்து, இருண்டு வளைந்த நடைவழியில் நெடுந்தூரம் நடந்தபின், திடீரென்று வெயில் கொட்டும் நடுமுற்றம் திறக்கிறது. முற்றத்தின் நான்கு பக்கமும் வானளாவும் நான்கு வளைவு மண்டபங்கள். அவற்றுக்கிடையிலுள்ள மூலைகளில் ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி என்னும் நான்கு சட்டநெறிகளுக்கும் ஒவ்வொரு மதரசா. ஒவ்வொன்றுக்கும் தனி முற்றம், மாணவர்களுக்கு மாடி மாடியாக அறைகள். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல்கள் வரிசை வரிசையாக உயர்ந்து நிற்பது அம்மாணவர் அறைகளால்தான். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த எனக்கு அந்த ஜன்னல் வரிசை உடனே பழகிய காட்சியாகிவிட்டது.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது தலைவாசலில்தான். அதன் பக்கச் சுவர்களில் சில பட்டைகள் முழுமையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சில பாதியில் நிற்கின்றன. சில இடங்களில் உளி ஓடவேண்டிய கோடுகள் மட்டும் கீறப்பட்டுள்ளன. சுல்தான் கொல்லப்பட்டபின் சிற்பிகள் திரும்பி வரவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கோடு போட்டே பிழைத்தவன் நான். 650 ஆண்டுகளுக்கு முன்பு என்னைப் போன்ற ஒருவர் கல்லில் கீறிவிட்டுப் போன கோடுகளை, அவை வேலையாக மாறாமலே காத்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

தலைவாசலின் மேல் எழுந்த மினாராக்களில் ஒன்று 1361இல் இடிந்து விழுந்தது. கீழே இருந்த பள்ளியின் அனாதைப் பிள்ளைகள் உட்பட ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். நகர மக்கள் அதை ஆட்சி கவிழும் அறிகுறியாகப் பேசினார்கள். 33 நாள்களில் சுல்தான் கொல்லப்பட்டார். சாசனத்தின் பெயரால் ரொட்டியும் உடையும் பெற்றுவந்த பிள்ளைகளையே அந்த அவசரமான உயரம் பலிகொண்டது என்பதை எந்த வழிகாட்டியும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் சொல்வதில்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

கட்டடத்தின் துயரம் அதோடு முடியவில்லை. கோட்டைக்கு எதிரே அவ்வளவு உயரமாக நின்றதால் கலகக்காரர்கள் அதன் கூரையில் ஏறிக் கோட்டையைத் தாக்கினார்கள். சுல்தான் பர்கூக் படிக்கட்டுகளையே இடிக்கச் செய்தார். பிற்பாடு, ஒரு காலத்தில் தாம் சிறையிருந்த இடத்தில் விடுதலையானால் பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்து, 1415இல் அதைத் தொடங்கிய சுல்தான் முஅய்யத், ஹசனின் வெண்கலக் கதவைச் சொற்ப விலையாக 500 தீனார் கொடுத்து எடுத்துக்கொண்டார். அது இன்றும் சுவைலா வாயிலருகே அவருடைய பள்ளிவாசலில்தான் இருக்கிறது. அறநிலையச் சொத்து அரசனின் கை நீண்டால் பாதுகாப்பாக இருக்காது என்பதற்கு அக்கதவைவிட வேறு சாட்சி வேண்டாம். எனினும் முஅய்யத் பள்ளிவாசலின் மினாராக்களில் முகம்மது இப்னு அல்-கஸ்ஸாஸ் என்று கட்டியவருடைய பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்தேன். அரசர் பெயர்களால் நிறைந்த அந்நகரில் கைவினைஞர் ஒருவர் பெயர் மிக அரிது.

சுல்தான் காயித்பே காலத்துக்கு, அதாவது 1468 முதல் 1496 வரையிலான ஆண்டுகளுக்கு வரும்போது கட்டடங்கள் அளவில் சிறுத்து, வேலைப்பாட்டில் நுணுக்கமாகிவிடுகின்றன. அவருடைய கல்லறைப் பள்ளிவாசலின் கல் குவிமாடத்தில் நட்சத்திரக் கோலமும் கொடிக் கோலமும் ஒன்றையொன்று ஊடுருவிப் படர்கின்றன. எகிப்தின் ஒரு பவுண்டு நோட்டில் அச்சிடப்பட்டிருப்பது அந்தப் பள்ளிவாசல்தான். ஆனால் எனக்கு அதனினும் பிடித்தது அதன் முனையில் இருக்கும் இரட்டை அறை. கீழே, நிலத்தடித் தொட்டியில் சேமித்த நைல் நீரை வழிப்போக்கர்க்குக் கம்பிச் சன்னல் வழியே வழங்கும் இடம். மேலே, காற்றோட்டமான திறந்த மாடத்தில் அனாதைப் பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் பள்ளி. கெய்ரோவின் தெருமுனைகளில் இந்த இணைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. தண்ணீர்ப் பந்தலும் திண்ணைப் பள்ளியும் மேலும் கீழுமாக நிற்பதாக நம் வாசகர்கள் எண்ணிக்கொள்ளலாம். இவற்றை நடத்தும் செலவுக்கு வணிகர் தங்குமிடங்களையும் காயித்பே கட்டினார். கீழே சரக்கறைகளும் கடைகளும், மேலே வாடகை வீடுகளும் கொண்ட அவற்றில் ஒன்று பாப் அந்-நஸ்ர் வாயிலருகே நிற்கிறது. வாடகை வீட்டையும் வழிபாட்டிடத்தையும் சேர்த்தே கட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கட்டடக் கலையைப் பொறுத்தவரை என் போன்றவர்களை மிகவும் ஈர்ப்பது வேறொரு நுட்பம். பள்ளிவாசல், தொழுகைத் திசையான கிப்லாவை நோக்க வேண்டும். தெருவோ தன்போக்கில் போகும். நெரிசலான தலைநகரில் நிலத்தை வீணாக்காமல் இரண்டையும் எப்படிச் சமாதானப்படுத்துவது? 1125இல் கட்டப்பட்ட அல்-அக்மர் பள்ளிவாசலில் இதற்கு முதல் விடை கிடைத்தது. மம்லூக் கட்டுநர்கள் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். வெளிச்சுவர் தெருவோடு ஓடும். உட்சுவர் மக்கா திசைக்குத் திரும்பும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆப்பு வடிவத்தைச் சுவரின் கனம் விழுங்கிக்கொள்ளும். ஒரே சுவரில் அடுத்தடுத்த சன்னல்கள் ஒன்றைவிட ஒன்று ஆழமாகிக்கொண்டே போவதைக் கவனித்தால்தான் அது பிடிபடும்.

சிறுவயதில் பாட்டியுடன் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போதெல்லாம், சற்றுத் தள்ளி இருக்கும் ஜாமியா சூலியா பள்ளிவாசலின் நுழைவாயில் தெருவைப் பார்த்து நேராகவும், உள்ளே தொழுகைக் கூடம் கோணலாகவும் நிற்பதைக் கண்டு, கட்டியவர்கள் அளவு தவறிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். 1830களில் எழுந்த அக்கட்டடத்தில் வாயில் சாலைக்கும் கூடம் கிப்லாவுக்கும் கட்டுப்பட்டிருக்கின்றன என்பது பின்னர்தான் தெரிந்தது. கெய்ரோ சுவருக்குள் ஒளித்த கோணத்தை நம் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் திறந்த முற்றத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள். கம்போங் கிளாமில் அதற்கு நேர்மாறாக நடந்தது. சுல்தான் பள்ளிவாசலைப் புதிதாகக் கட்டியபோது நார்த் பிரிட்ஜ் ரோடே அதைச் சுற்றி வளைந்துகொடுத்தது.

அந்தப் பள்ளிவாசலும் ஒரு சுல்தானின் விருப்பத்தில் பிறந்ததுதான். சிங்கப்பூரின் மலாய் ஆட்சியாளரான சுல்தான் ஹுசைன் ஷா காலத்தில், கிழக்கிந்திய கம்பெனி அளித்த 3,000 ஸ்பானிய வெள்ளியின் உதவியோடு முதல் கட்டடம் எழுந்தது. இன்று நாம் பார்க்கும், 1932இல் நிறைவுற்ற கட்டடத்துக்கோ அரச கருவூலம் எதுவும் இல்லை. சமூகமே பணம் திரட்டியது. குவிமாடத்தின் அடியில் சுற்றிவரும் கரிய பட்டையில் பதிந்திருப்பவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பணம் கொடுக்க இயலாத ஏழைகளும் பங்கு பெற வேண்டும் என்பதற்காக அவர்களிடமிருந்து பெறப்பட்டவை. சுல்தான் ஹசனின் பள்ளிவாசலில் தொங்கிய, இறைவன் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளியாக இருக்கிறான் என்ற திருமறை வசனம் பூச்சு வேலைப்பாட்டில் மின்னும் கண்ணாடி விளக்குகளைக் கெய்ரோ அருங்காட்சியகத்தில் கண்டபோது, எனக்கு அந்தப் போத்தல்கள்தான் நினைவுக்கு வந்தன. 1914க்குப் பின் அமைந்த கம்போங் கிளாம் பள்ளிவாசலின் அறங்காவலர் குழுவில் மலாய், ஜாவானிய, பூகிஸ், அரபு, வட இந்திய, தமிழ் முஸ்லிம் சமூகங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இருவர் எனப் பன்னிருவர் இருந்தனர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

கெய்ரோவின் வாடகை முறையை அப்படியே பார்க்க விரும்புவோர் லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் போதும். வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர், வக்ஃபு நிலத்தில் கடைவீடுகளை எழுப்ப ஏற்பாடு செய்து, அவற்றின் வருமானத்தைக் கொண்டு டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலை 1907இல் தொடங்க வழிவகுத்தார். அவர் சுல்தான் அல்லர், படைத்தலைவரும் அல்லர், மாதச் சம்பளக்காரர். அவருடைய பெயரே இன்று அந்தப் பள்ளிவாசலுக்கு நிலைத்திருக்கிறது. 1968 முதல் இத்தகைய வக்ஃபுகள் சட்டப்படி சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு முஅய்யத் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கெய்ரோவைப் பற்றிய கட்டுரை இன்னும் வரட்டும். அடுத்த முறை கலாவூனின் மருத்துவமனைக்கும் காயித்பேயின் வாடகை வீடுகளுக்கும் அதில் இடம் இருக்கட்டும். அதோடு, நம் தீவில் உள்ள பழைய பள்ளிவாசல், தர்கா, கோயில் ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதும்போது எந்த ஆண்டில் யார் கட்டினார் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தக் கடையின் வாடகையில் அதன் விளக்கு எரிந்தது, யார் கணக்கெழுதினார், எந்த ஊர்க்காரர்கள் மாதச் சந்தா கொடுத்தார்கள் என்பதையும் எழுதச் செய்யுங்கள். கல்லைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. பழைய பத்திரங்களும் தமிழில் எழுதிய ரசீதுப் புத்தகங்களும் வீடு மாறும்போது குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் வாசகர்கள் படியெடுத்து அனுப்பும்படி ஓர் அறிவிப்பை வெளியிட்டால் பெரும் உதவியாக இருக்கும்.

துறைமுகத்தில் சுமை தூக்கிய என் தந்தையார், இந்துவாக இருந்தும், ஒரு தர்காவின் விளக்கு எண்ணெய்க்காக மாதந்தோறும் ஒரு வெள்ளி கொடுத்துவந்தார். அந்த ரசீதுகளில் பதினேழு, என் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்து எனக்குக் கிடைத்தன. தாங்கள் அறிவிப்பு வெளியிட்டால் முதல் ஆளாக அவற்றைப் படியெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
தோ பாயோ